நோன்பு இல்லாத நாள்

ஹஃபீசாவின் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் ஒரு மர முக்காலி உண்டு. மற்ற மாதங்களில் அதன் மேல் வெங்காயக் கூடை இருக்கும். நோன்பு மாதம் வந்தால் கூடை கீழே இறங்கிவிடும்.

மாதவிலக்கு வந்த பெண்ணுக்கு நோன்பு கிடையாது. அந்த நாட்களில் அவள் பகலில் அந்த முக்காலியில் உட்கார்ந்து, ஆண்கள் கண்ணில் படாமல், இரண்டு தோசையோ முந்தின நாள் சோறோ சாப்பிட்டு எழுந்துவிடுவாள். "எனக்கு நோன்பு இல்ல" என்று முதல் நாள் சொல்லிவிட்டால் போதும். விடியலுக்கு முன் சஹர் சாப்பாட்டுக்கு அவளை எழுப்ப மாட்டார்கள். யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். விட்டுப்போன நோன்புகளைப் பெருநாள் கழிந்ததும் வைத்து முடிப்பாள். கழா நோன்பு என்று அதற்குப் பெயர்.

இந்த வருஷம் மருமகள் ஷபீனா அந்த முக்காலியில் ஒரு நாள்கூட உட்காரவில்லை.

மறைப்பதற்காகத்தான் அவள் விடாமல் நோன்பு வைத்தாள். மயக்கம் வந்தாலும், நெஞ்சைக் குமட்டினாலும், நோன்பு என்று சொல்லிக்கொள்ளலாம். பட்டினி கிடப்பவளை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? திருமுடிவாக்கத்தில் உலோகத்துக்கு முலாம் பூசும் ஒரு பிளேட்டிங் கம்பெனியின் லேபில் அவளுக்கு வேலை. நிக்கல் தொட்டியின் கரைசலைச் சோதித்து, அமிலம் ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு சொட்டு கூடினால்கூடக் கண்டுபிடித்துவிடுவாள். ஆனால் நோன்பு மாதத்தில் ஒரு நாளும் முக்காலியில் உட்காராத மருமகளை மாமியார் கவனிப்பாள் என்பது மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை.

மாதத்தில் பாதிக்கு மேல் கழிந்திருந்தது. ஹஃபீசா மாலை வடைக்குக் கடலைப்பருப்பு அரைத்துக்கொண்டிருந்தாள். ஷபீனா வேலையிலிருந்து வந்து கைகழுவிவிட்டு வெங்காயம் நறுக்க உட்கார்ந்தாள்.

"இன்னாம்மா, இந்த வருஷம் முப்பதும் முழுசா வெச்சிடுவ போலக்கீதே" என்றாள் ஹஃபீசா.

ஷபீனா நிமிரவில்லை. வெங்காயத்தின் எரிச்சல் கண்ணில் இருந்தது நல்லதாகப் போயிற்று.

"எவ்ளோ நாள் தள்ளிப்போச்சு?"

"தெரியல மாமி."

"தெரியலியாம். படிச்ச பொண்ணு சொல்ற பதிலா இது?" ஹஃபீசா சிரித்தாள். அந்தச் சிரிப்பில் அதட்டல் இல்லை, சந்தோஷம்தான் இருந்தது. "அய்மானுக்கும் நாலு வயசு முடியப்போவுது. துணைக்கு ஒண்ணு வேணும்தானே. நாளைலேருந்து நோன்பு வெக்காத. வயித்துப் புள்ளைக்காரி விடலாம், அப்புறமா வெச்சுக்கலாம்."

"யார்கிட்டயும் சொல்லாதீங்க மாமி."

"நான் யார்கிட்ட சொல்லப்போறேன்?"

மறுநாளும் ஷபீனா நோன்பு வைத்தாள். அந்த முக்காலியில் உட்கார்ந்தால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

அவளுக்கு இந்தப் பிள்ளை வேண்டாம். அதைத் தனக்குள் சொல்லிப் பார்க்கவே அவளுக்கு ஒரு வாரம் பிடித்தது. கணவன் முனீரும் அவளும் எச்சரிக்கையாகத்தான் இருந்தார்கள். எங்கோ ஒரு நாள் தவறியிருக்கிறது.

அய்மான் பிறந்த வருஷத்தைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. பிரசவம் முடிந்து வந்த பத்தாம் நாளிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. பிள்ளை அழுதால் யாரோ பக்கத்து வீட்டில் அழுவதுபோல இருக்கும். பால் கொடுக்கும்போது அதன் முகத்தைப் பார்க்கப் பயமாக இருக்கும். தர்காவுக்கு அழைத்துப்போய்க் கயிறு கட்டினார்கள். உடம்பு பலவீனம் என்று ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடுத்தார்கள். ஒரு நாள் மத்தியானம் யாரிடமும் சொல்லாமல் தாம்பரம் ஸ்டேஷனுக்கு நடந்து போய், பீச் போகும் மின்சார ரயில் உள்ளே வரும்போது மஞ்சள் கோட்டைத் தாண்டி நின்றாள். தேடிக்கொண்டு வந்த முனீர் பின்னாலிருந்து அவள் தோளைப் பிடித்து இழுத்தான். அதற்குப் பிறகுதான் மனநல டாக்டரிடம் போனார்கள். தேறி வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. இன்னொரு பிரசவத்துக்குப் பின்னும் இப்படி வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் அப்போதே சொல்லியிருந்தார்.

மறுபடி வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. லேபில் கண்ணாடிக் குடுவையைக் கையில் பிடிக்கும்போது விரல் நடுங்காமல் இருப்பதை அவள் இன்னமும் ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொள்கிறாள்.

கருவைக் கலைப்பது பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்று அவள் லேபில் உட்கார்ந்தே ஃபோனில் தேடினாள். முதலில் வந்ததெல்லாம் அமெரிக்காவைப் பற்றி. அங்கே ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு சட்டமாம். ஒரு மாநிலத்தில் குற்றம், பக்கத்து மாநிலத்தில் குற்றமில்லை. கீழே தள்ளிக்கொண்டே போய் நம் நாட்டுக்கு வந்தாள். இங்கே எல்லா மாநிலத்துக்கும் ஒரே சட்டம். இருபது வாரம் வரை ஒரு டாக்டர் சம்மதித்தால் போதும். தடுப்பு முறை தவறியதும் காரணம்தான். உடம்புக்கோ மனதுக்கோ கெடுதல் வரும் என்பதும் காரணம்தான். ஒன்பது வாரத்துக்குள் என்றால் மாத்திரை. பதினெட்டு வயதைத் தாண்டியவளின் சம்மதம் போதும். இந்தக் கடைசி வரியை அவள் மூன்று முறை படித்தாள்.

மறுநாள் காலை பாதி நாள் பர்மிஷன் போட்டுவிட்டு, தெரிந்தவர்கள் கண்ணில் படாமல் இருக்கப் பெருங்களத்தூரில் ஒரு கிளினிக்குக்குப் போனாள். ஸ்கேன் எடுத்தார்கள். எட்டு வாரம் ஆகப்போகிறது என்று வந்தது. கவுன்டரில் இருந்த பெண் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தாள்.

"ஹஸ்பண்ட் வர்லியா?"

"இல்ல."

"அவரு சைன் வேணும். ஆதார் ஜெராக்ஸும் வேணும். கூட்டிகினு வாங்க."

ஷபீனாவுக்குப் பொது இடத்தில் குரல் எழும்பாது. ஆட்டோவில் நிறுத்தச் சொல்லவே இரண்டு தரம் யோசிப்பவள். ஆனாலும் சொன்னாள்: "சட்டப்படி என் கையெழுத்து மட்டும் போதும்னு போட்டிருக்கே."

பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கவுன்டர்ப் பெண் கோபப்படவில்லை. தினம் சொல்லிப் பழகிய மாதிரி சொன்னாள்.

"அது சட்டம்மா. இது ஆஸ்பத்திரி."

வெளியே வந்து ஒரு மருந்துக்கடையில் அந்த மாத்திரையை மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள். கடைக்காரர் கையை மட்டும் அசைத்தார். "அதெல்லாம் நாங்க வெக்கறதே இல்லம்மா. டாக்டரைப் பாரு."

அன்று மாலை முனீர் அவளை அழைத்துப்போக கம்பெனி வாசலுக்கு வந்தான். முடிச்சூர் சாலையில் அவனுக்கு பைக் உதிரிபாகக் கடை. நோன்பு மாதத்தில் சீக்கிரமே கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வந்துவிடுவான். திருநீர்மலை ஏரி தாண்டும்போது அவள் அவன் தோளைத் தொட்டு நிறுத்தச் சொன்னாள். மலைக்கோயிலுக்குப் போகும் கார்கள் அவர்களைக் கடந்து போயின.

"மச்சான், ஒரு கையெழுத்து வேணும்."

"எதுக்கு, லோனா? என் கையெழுத்துக்கு எந்த பேங்க்ல மதிப்பு இருக்கு?"

அவள் சொன்னாள். வண்டியில் உட்கார்ந்தபடி, அவன் முதுகைப் பார்த்துச் சொல்வது சுலபமாக இருந்தது. அவன் சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினான்.

"அம்மா சொன்னாங்க" என்றான்.

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னாங்களே."

"புள்ளைகிட்ட சொல்றது யார்கிட்டயோ சொல்றதா?"

அவன் இறங்கி ஏரிப் பக்கம் பார்த்து நின்றான்.

"அந்த வருஷம் மாதிரியே ஆகும்னு என்ன நிச்சயம்?"

"நிச்சயம் இல்ல."

"அப்புறம்? இப்ப நமக்கு டாக்டர் யாருன்னு தெரியும். மாத்திரை இருக்கு. நான் கடையைக்கூட…"

"எல்லாம் இருக்கும் மச்சான். நான் இருக்கணும்ல."

அவன் திரும்பினான். ஸ்டேஷனில் அவள் தோளைப் பிடித்தபோது இருந்த அதே முகம். ஆனால் வாய் வேறு பேசியது.

"நோன்பு மாசத்துல வந்து கேக்கறியே ஷபீனா."

"நோன்பு மாசம்னு பார்த்தா இது வந்துச்சு?"

"பெருநாள் முடியட்டும். பள்ளிவாசல் ஹஸரத்துகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு…"

"அதுக்குள்ள ஒன்பது வாரம் தாண்டிடும். அப்புறம் அட்மிட் ஆகணும், மயக்க ஊசி போடணும். வீட்டுல என்ன சொல்றது?"

முனீர் திரும்பவும் ஏரியைப் பார்த்தான். பிறகு தணிந்த குரலில் சொன்னான். "நீ போறதுன்னா போ. நான் குறுக்க நிக்கமாட்டேன். என் கையால எழுதச் சொல்லாத. நாளைக்கு அங்க அல்லாஹ் கேப்பான், யார் எழுதினதுன்னு."

"கேட்டா என் பேரைச் சொல்லுங்க" என்றாள் ஷபீனா.

அவன் வண்டியை எடுத்தான்.

புதன்கிழமை நிகத் வந்தாள். முனீரின் அக்கா. பல்லாவரத்தில் வீடு. கல்யாணமாகிப் பதினோரு வருஷம். பிள்ளை இல்லை. எத்தனையோ ஆஸ்பத்திரி பார்த்தாயிற்று. முன்பெல்லாம் நோன்பு மாதத்தைத் தாய்வீட்டில்தான் கழிப்பாள். ஒரு வருஷம் அவள் தொடர்ந்து நோன்பு வைத்துக்கொண்டே போக, அடுப்படியே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. இருபத்தேழாம் நோன்பு அன்று அவள் வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு நோன்பு மாதத்தில் எப்போதாவதுதான் வருகிறாள்.

இந்த முறை இரண்டு கையிலும் பை. கிர்ணிப்பழம், மாதுளை, நல்ல பேரீச்சம்பழம். எல்லாவற்றையும் ஷபீனாவிடமே நேராக நீட்டினாள்.

"வேலைக்குப் போறவ, நல்லாச் சாப்புடு. கண்ணெல்லாம் உள்ள போயிருக்கு."

அந்தக் குரலில் இருந்த கனிவைக் கேட்டதும் ஷபீனா மாமியாரைப் பார்த்தாள். ஹஃபீசா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

மொட்டை மாடியில் காய்ந்த துணியை எடுக்க ஷபீனா போனபோது நிகத்தும் பின்னாலேயே வந்தாள். போர்வையின் இரண்டு முனையை ஷபீனா பிடித்தாள், மற்ற இரண்டை நிகத் பிடித்தாள்.

"எந்த டாக்டரைப் பார்க்கற?" என்றாள் நிகத். "நான் பார்க்கற டாக்டர் நல்லவங்க. எல்லாச் செலவும் எங்களோடது. பிரசவமும் எங்க வீட்டுப் பக்கத்துலயே வெச்சுக்கலாம்."

"மதினி, மாமி உங்ககிட்ட என்ன சொன்னாங்க?"

நிகத் போர்வையை உதறினாள். முகத்தில் வெட்கம் மாதிரி ஏதோ வந்தது. "உனக்கு இன்னொண்ணு வளர்க்க உடம்பு தாங்காதுன்னாங்க. பெத்து என் கையில குடுத்துடறேன்னு நீயே சொன்னியாமே. வெளிய போற புள்ளையா, ஒரே வூட்டுப் புள்ளைதானேன்னு சொல்லி அழுதாங்க."

ஷபீனாவின் கையிலிருந்த முனை நழுவியது. குனிந்து எடுத்தாள்.

"நான் சொல்லல மதினி."

நிகத் அப்படியே நின்றாள்.

"என்கிட்ட யாரும் கேக்கவே இல்ல" என்றாள் ஷபீனா. "நான் வேணாம்னு இருக்கேன். கலைக்கப் போறேன்."

தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து ஒரு விமானம் தலைக்கு மேலே தாழ்வாகப் போயிற்று. சத்தம் அடங்கும் வரை நிகத் காத்திருந்தாள். கை மட்டும் போர்வையின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தது.

"எங்க வூட்டுக்காரர்கிட்டகூட சொல்லிட்டேன்" என்றாள். "புள்ளை ரூமுக்குப் பெயின்ட் அடிக்கறதைப் பத்திப் பேசினாரு."

"மன்னிச்சிடுங்க மதினி."

"ஏழு மாசம்தானே ஷபீனா. சுமக்க முடியாதா? எனக்காக." அவள் கெஞ்சவில்லை. கடையில் ஒரு பொருள் இருக்கிறதா என்று கேட்பதுபோலக் கேட்டாள். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"முடியாது மதினி."

பிறகு, தான் யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். "நான் ஸ்டேஷனுக்குப் போனதைப் பத்தி மச்சான் உங்ககிட்ட என்ன சொன்னாரு?"

"மயக்கம்னான். வெயில்ல போய் நின்னுட்டியாம்னான்."

"மயக்கம் இல்ல மதினி."

நிகத் அவளையே பார்த்தாள். அந்த வருஷம் நான்கு மாதம் அய்மானைத் தூக்கிக்கொண்டு திரிந்தவள் அவள்தான். உள்ளே படுத்திருந்தவளுக்கு என்ன என்று அவளிடமும் யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. போர்வையை நான்காக மடித்துத் தன் மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.

"கீழ போ. பள்ளிவாசல்லேருந்து கஞ்சி வந்திருக்கும்" என்றாள். அவள் மட்டும் மாடியிலேயே இருந்தாள். நோன்பு திறக்கும் பாங்கு சொன்ன பிறகுதான் இறங்கி வந்தாள். கண்ணைக் கழுவியிருந்தாள்.

ஷபீனா தன் பழைய மனநல டாக்டருக்கு ஃபோன் செய்தாள். அவர் மூலமாகத்தான் குரோம்பேட்டையில் டாக்டர் ஸ்ரீவித்யாவின் விலாசம் கிடைத்தது. மாடிப்படி ஏறிப் போக வேண்டிய சின்ன கிளினிக். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, அவள் சொன்னதை முழுவதும் கேட்டார்.

"யாராவது கட்டாயப்படுத்தறாங்களா, கலைக்கச் சொல்லி?"

"இல்ல. கலைக்க வேணாம்னுதான் சொல்றாங்க."

"சரி. உங்களுக்கு என்னென்ன வழி இருக்குன்னு நான் சொல்லணும். கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. தொடர்ந்து சுமக்கலாம். அப்படின்னா இன்னிக்கே உங்க டாக்டரோட பேசி, பிரசவத்துக்கு முன்னாடியே சிகிச்சையை ஆரம்பிச்சுடலாம். போன தடவை மாதிரி தனியா விட்டுட மாட்டோம். பெத்துட்டு வளர்க்க முடியலன்னா முறைப்படி தத்துக் கொடுக்கலாம், சொந்தக்காரங்களுக்கும் கொடுக்கலாம். இல்லன்னா இப்ப மாத்திரை. மூணுல எதைச் சொன்னாலும் நான் ஏன்னு சண்டை போடமாட்டேன்."

இத்தனை நாளில் ஒருவர் தன்னிடம் கேட்பது இதுதான் முதல் தடவை என்று ஷபீனாவுக்குத் தோன்றியது.

"மாத்திரை" என்றாள்.

டாக்டர் சம்மதத் தாளை நகர்த்தினார். ஷபீனா அதைப் பார்த்துக்கொண்டே, "அவரு கையெழுத்துப் போடமாட்டேன்னுட்டாரு" என்றாள்.

"யாரு கேட்டா? உங்களோடது போதும்."

"வேற இடத்துல கேட்டாங்க."

"கேப்பாங்க. நாளைக்கு யாராவது வந்து கத்தினா எடுத்துக் காட்டறதுக்கு. அது அவங்க பயம், சட்டம் இல்ல." டாக்டர் பேனாவைக் கொடுத்தார். "ரெண்டு நாள் கழிச்சு வீட்டுல மீதி மாத்திரை போடும்போது வலியும் ரத்தப்போக்கும் இருக்கும். கூட விஷயம் தெரிஞ்சவங்க ஒருத்தர் கண்டிப்பா இருக்கணும். அதிகமாப் போச்சுன்னா உடனே என்னைக் கூப்பிடணும். யாரு இருப்பாங்க?"

ஷபீனாவின் வாயில் முனீரின் பெயர் வரவில்லை.

"மதினி" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று விளங்கியது.

நர்ஸ் ஒரு மாத்திரையையும் டம்ளரில் தண்ணீரையும் கொண்டுவந்தாள். மணி மூன்றுகூட ஆகவில்லை. ஷபீனா டம்ளரை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தாள்.

"நோன்பா?" என்றாள் நர்ஸ்.

"ஆமா."

"வேணும்னா சாயங்காலம் நோன்பு திறந்துட்டு வர்றீங்களா? ஏழரை வரைக்கும் இருப்போம்."

சாயங்காலம் வீட்டிலிருந்து வெளியே வர முடியாது. அதைவிட, நோன்பு திறக்கும் முதல் வாயாக இது இருக்க வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றியது. உடைக்கிறேன் என்று தெரிந்தே உடைப்பதுதான் சரி. பழக்கத்தில் பிஸ்மில்லாஹ் என்று நாக்கில் வந்தது. இதற்குச் சொல்லலாமா என்று தெரியவில்லை. சொன்னாள். விழுங்கினாள். தண்ணீர் குளிர்ச்சியாக நெஞ்சுவரை இறங்கியது தெரிந்தது.

பஸ்ஸில் உட்கார்ந்து நிகத்துக்கு ஒரு செய்தி அனுப்பினாள். 'ஞாயிற்றுக்கிழமை மதினி. கூட ஒருத்தர் இருக்கணுமாம். உங்க பேரைச் சொல்லிட்டேன். வரலன்னாலும் தப்பில்ல.' நிகத் படித்துவிட்டாள் என்று ஃபோன் காட்டியது. பதில் வரவில்லை. மறுநாள் பகலிலும் வரவில்லை.

சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒரு சின்னப் பையோடு நிகத் வந்து இறங்கினாள்.

"இன்னாடி திடீர்னு?" என்றாள் ஹஃபீசா. "மாப்பிள்ளைகூடச் சண்டையா?"

"தாய் வூட்டுக்கு வர்றதுக்குச் சண்டை போட்டுட்டுத்தான் வரணுமா?"

ஷபீனாவின் பக்கம் அவள் திரும்பவே இல்லை. அன்று இரவு அய்மானைத் தன் பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டாள்.

ஞாயிறு காலை முனீர் கடைக்குப் போன பிறகு ஷபீனா மாத்திரைகளைப் போட்டுக்கொண்டாள். பத்து மணிக்கு மேல் வலி ஆரம்பித்தது. மாதவிலக்கு வலி போலத்தான் தொடங்கியது; பிறகு அது இடுப்பைச் சுற்றி இறுக்கியது. அவள் கட்டிலில் முழங்காலை மடக்கிக்கொண்டு படுத்தாள். நிகத் வந்தாள், வெந்நீர்ப் பையை அவள் வயிற்றில் வைத்தாள், துணியை மாற்றினாள், எவ்வளவு போகிறது என்று பார்த்தாள், போனாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் கை மட்டும் மென்மையாக இருந்தது.

அந்த அறைக்கும் அடுப்படிக்கும் நடுவில் ஒரு சுவர்தான். ஹஃபீசா வெளியிலிருந்து வந்தது கேட்டது.

"ஏன் இன்னும் படுத்துக்கீறா? நோன்பு வெக்காதன்னா கேட்டாதானே."

"அவளுக்கு நோன்பு இல்லம்மா" என்றாள் நிகத்.

"அதான் நானும் சொல்றேன், வயித்துப் புள்ளைக்காரிக்கு…"

"அது இல்லம்மா. எனக்கு மாசாமாசம் வருமே, அந்த மாதிரி நோன்பு இல்ல."

ஏதோ பாத்திரம் கீழே வைக்கப்பட்டது. பிறகு முக்காலி இழுபடும் சத்தம். ஹஃபீசா அதில் உட்கார்ந்திருக்க வேண்டும்; ரத்தம் நின்று பல வருஷமாகி, அதில் உட்காரத் தேவையே இல்லாதவள்.

"எப்போ?"

"காலையிலேருந்து."

"தானாவா?"

ஷபீனா தலையணையைக் கடித்துக்கொண்டாள். வலிக்காக அல்ல. நிகத் பொய் சொல்லலாம். உண்மையையும் சொல்லலாம். இரண்டுக்கும் அவளுக்கு உரிமை உண்டு.

"நோன்பு இல்லன்னா இந்த வூட்ல யாரும் காரணம் கேக்கமாட்டோமேம்மா" என்றாள் நிகத்.

பின் ஹஃபீசாவின் குரல், பாதி உடைந்து: "உனக்காகத்தானேடி நிகத் நான்…"

"எனக்காக ஒண்ணும் செய்யாதீங்க. தள்ளிக்கங்க, வெந்நீர் எடுக்கணும்."

மத்தியானத்துக்கு மேல் வலி குறைந்தது. டாக்டர் இரண்டு முறை ஃபோனில் விசாரித்தார். இரண்டு வாரம் கழித்து ஸ்கேனுக்கு வரச் சொன்னார். ஷபீனா கொஞ்சம் தூங்கினாள். எழுந்தபோது நிகத்தின் பை அறையில் இல்லை. அவள் போய்விட்டிருந்தாள்.

ஒவ்வொரு வருஷமும் பெருநாளுக்கு அடுத்த வாரம் நிகத் வந்து தங்குவாள். இரண்டு பேரும் சேர்ந்துதான் கழா நோன்புகளை வைப்பார்கள். தனியாக வைத்தால் விடியலில் எழச் சோம்பலாக இருக்கும் என்பாள் நிகத். ஷபீனா ஃபோனைக் கையில் எடுத்தாள். இந்த வருஷமும் வருவீர்களா என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. திரும்ப வைத்துவிட்டாள்.

மாலை நேர அஸர் தொழுகை முடிந்து முனீர் வந்தான். அடுப்படியில் தாயும் மகனும் பேசியது சன்னமாகக் கேட்டது. என்ன பேசினார்கள் என்று புரியவில்லை. ஷபீனா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கத்தினால் கத்தட்டும். இனி யார் கையெழுத்தும் தேவைப்படாத இடத்துக்கு அவள் வந்துவிட்டாள்.

கதவு திறந்தது. முனீரின் கையில் ஒரு தட்டு. ரொட்டி, முட்டை, ஒரு டம்ளர் டீ. ஆவி பறந்தது. நோன்பு திறக்க இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அந்த வீட்டில் நோன்பு மாதப் பகலில் ஓர் ஆண் கையில் சாப்பாட்டுத் தட்டை யாரும் பார்த்ததில்லை. நோன்போடு இருந்த அவனுடைய உதடு காய்ந்திருந்தது.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தட்டைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டான்.

"இன்னும் நேரம் ஆகலியே" என்றாள் ஷபீனா.

"உனக்குத்தான் நோன்பு இல்லியே."

அவள் மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். அவன் டீயை ஆற்றிக் கையில் கொடுத்தான். அவள் குடித்து முடிக்கும் வரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வலிக்குதா?"

"வலிக்குது" என்றாள்.

அவன் தலையசைத்தான். ரொட்டியைப் பிய்த்துத் தட்டில் வைத்தான்.